கொட்டேஷனுக்குள் நான் வைத்த பொறி

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றைத்தான். கான்ட்ராக்டர் தருகிற கொட்டேஷனில் பொய் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இந்தத் தொழிலில் என்னைப் போலச் சந்தேகப்பட்டவன் வேறு யாரும் இல்லை. என்னோடு கடைசிவரை இருந்த வீட்டுத் தரகர் எல்லாரிடமும் சொல்வார்: "சாருக்குக் காபி குடுத்தீங்கன்னா, டம்ளருக்கு அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் குடிப்பாரு."

அந்தச் சந்தேகம்தான் எனக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் நான் வீடு பார்க்கப் போகமாட்டேன். தையில் நம் பக்கத்து வீடுகள் எல்லாமே நல்ல வீடுகள். பொங்கலுக்கு அடித்த வெள்ளை இன்னும் மணக்கும். வயலில் தண்ணீர் நின்று மண் ஊறியிருப்பதால் சுவரின் வெடிப்புகள் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதே சுவரைச் சித்திரையில் பாருங்கள், விரலை உள்ளே விடலாம். ஒரு வீட்டில் ஒரே ஒரு சுவரோரம் மட்டும் நெல் மூட்டைகளை உயர அடுக்கி வைத்திருந்தார்கள். "எலித் தொல்லைங்க, அதான்" என்றார் வீட்டுக்காரர். எலி ஏன் ஒரே சுவர்ப்பக்கம் மட்டும் வருகிறது என்று கேட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னேன். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிச் சுவர் கறுத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி நாலைந்து தடவை ஜெயித்தால் சந்தேகத்தையே அறிவு என்று நினைக்க ஆரம்பித்துவிடுவோம். நான் நினைத்தேன். அதனால் ஒரு மனிதரின் தொழில்பெயரைக் கெடுத்தேன். ஒரு கைக்குழந்தையை உளுத்த மரத்தின் கீழே தூங்க வைத்தேன். இரண்டும் ஒரே பொறியில் நடந்தன. அந்தப் பொறியை வைத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவரும் சிங்கப்பூரில் இருந்தார்கள். விற்றுவிட்டுப் போக ஊருக்கு வந்திருந்தார்கள். ஆனி மாதம் பாதி போய்விட்டது. ஆடி பிறந்தால் பத்திரம் பதியமாட்டோம் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பார்ட்டி தயாராக இருப்பதாகத் தரகர் சொன்னார். அப்படி ஒருவர் இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு முன்கூடம், பின்கூடம் இரண்டும் உண்டு. பின்கூடத்தின் தலைக்கு மேல் தேக்கு உத்தரங்கள், அவற்றின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்து மாடி. கொல்லைப்பக்கம் கழிவறை இடிந்து கிடந்தது. நான் சொத்துக்கு விலை பேசுவதற்கு முன்பே கொட்டேஷன் வாங்கிவிடுவேன். செப்பனிட எவ்வளவு ஆகும் என்று தெரிந்தால்தானே எவ்வளவுக்கு வாங்கலாம் என்று சொல்லமுடியும்? மூன்று பேரை வரச் சொன்னேன். நம் ஊர் வழக்கப்படி ஊர்ப் பெயராலேயே சொல்கிறேன்: திருக்காட்டுப்பள்ளிக்காரர், வலங்கைமான்காரர், கும்பகோணத்துக்காரர்.

மூன்று கொட்டேஷன் வாங்குகிறவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. மூன்று பேரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு விலை சொன்னால்? குளத்து மீன் ஏலத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே போட்டி போடுவதுபோல் நிற்பார்கள், உள்ளே யாருக்கு என்பது முடிவாகியிருக்கும். வீட்டு வேலையிலும் அது நடக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

என் கையில் ஒரு பழைய தந்திரம் இருந்தது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு அரிசி ஆலையில் கணக்குத் தணிக்கை பார்த்தேன். எங்கள் நெல் கொள்முதல் விலை வெளியே கசிந்துகொண்டிருந்தது. மூன்று ஏஜெண்டுகளிடம் மூன்று வேறு விலையைத் தனித்தனியாகச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அதில் ஒரு விலை எதிராளியின் ஆலையில் பேசப்பட்டது. யார் வழியாகப் போனது என்று தெரிந்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலை நான் மறக்காமல் இருந்ததுதான் கெடுதல்.

அதையே இங்கும் செய்தேன். மூன்று பேருக்கும் வீட்டைத் தனித்தனியாகக் காட்டினேன். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குச் சொல்லாத ஒரு பொய்யைச் சொன்னேன். திருக்காட்டுப்பள்ளிக்காரரிடம், "பின்கூடத்து உத்தரம் ஒண்ணு உளுத்திருக்கு" என்றேன். வலங்கைமான்காரரிடம், "கொல்லையில குளியலறை கட்டப்போற இடத்துல ஒரு பழைய கிணறு இருந்துச்சு, தூர்த்துட்டாங்க" என்றேன். கும்பகோணத்துக்காரரிடம், "தெருப்பக்கச் சுவர்ல பாதி பச்சைக் கல்" என்றேன், அதாவது சுடாத கல். ஒருவரிடம் சொன்னது இன்னொருவரின் கொட்டேஷனில் வந்தால் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் எது மிகத் திடமாக எனக்குத் தெரிந்ததோ அதைப் பற்றித்தான் உளுத்தது என்று சொன்னேன். அந்தத் தேக்கைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது. தானாகத் தோன்றாத பொய்யாக இருந்தால்தான் கசிவு தெரியும். அப்படித்தான் யோசித்தேன்.

வலங்கைமான்காரரை எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போடும் புல்லட். உள்ளே வந்ததும், "சார், இந்த வீட்ட நான் எடுத்தேன்னு வைங்க, வித்த பெறகும் நீங்க மனசு கேக்காம வந்து வந்து பாத்துட்டுப் போவீங்க" என்றார்.

"அவ்ளோ நல்லா செய்வீங்களா?"

"நல்லான்னா சாதாரண நல்லா இல்ல சார். ஏணி எங்க இருக்கு?"

"ஏணி எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான். விலை சொல்றவன் அண்ணாந்து பாக்கலன்னா நீங்களே திட்டுவீங்க."

அதே நேரத்தில் தரகர் போனில் கூப்பிட்டார். சிங்கப்பூர்க்காரர்கள் அவசரப்படுகிறார்கள் என்று பேசிக்கொண்டே நான் வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் மாடியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் சுண்ணாம்பு. வேலை பார்ப்பதுபோல் நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டேஷன்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. திருக்காட்டுப்பள்ளிக்காரர் எழுதியிருந்தார்: பின்கூடத்து உத்தரம் மாற்ற. சரி, அவரிடம் நான் சொன்னதுதான். கும்பகோணத்துக்காரர் எழுதியிருந்தார்: தெருச்சுவரில் பச்சைக் கல் எடுத்துச் சுட்ட கல் வைக்க. அதுவும் நான் சொன்னதுதான். வலங்கைமான்காரருடையதைத் திறந்தேன். கிணறு என்ற வார்த்தையே இல்லை. அதற்குப் பதில் ஒரு வரி: பின்கூடத்து உத்தரம், கிழக்கு முனை, மாற்ற. மூன்று பேரில் அவர் விலைதான் அதிகம்.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். கிழக்கு முனை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளில் நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் அதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது: திருடினது தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறார்.

மறுநாள் பாபநாசம் கடைத்தெருவில் திருக்காட்டுப்பள்ளிக்காரரும் வலங்கைமான்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துச் சிரிப்பதைப் பார்த்தேன். இனி என்ன வேண்டும்? இருவரையும் அன்றே ஒதுக்கினேன். வலங்கைமான்காரர் இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. எடுத்தால் உத்தரத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றும், கேட்டால் பொறி வெளியே தெரிந்துவிடும். பொறி வைத்தவனுக்கு இதுதான் தண்டனை. கேட்கவேண்டிய கேள்வியை அவன் மட்டும் கேட்கமுடியாது.

கும்பகோணத்துக்காரரிடம் வேலையைக் கொடுத்தேன். ஆடி பிறப்பதற்குள் பத்திரம் பதிந்தது.

இங்கே நின்று யோசித்துப் பாருங்கள். தெருச்சுவர் முழுவதும் நல்ல சுட்ட கல். ஒரு இடத்தில் பூச்சைச் சுரண்டியிருந்தால் கும்பகோணத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர் சுரண்டவில்லை, ஏணி கேட்கவில்லை, அண்ணாந்தும் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதி அதற்கு ஒரு விலையும் போட்டிருந்தார். என் பொய்யை எனக்கே விற்றவரை நாணயஸ்தர் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருந்ததை எழுதியவரைத் திருடர் என்று தள்ளினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? தரகரிடம் சொன்னேன். இரும்புக்கடைக்காரரிடம் சொன்னேன். "வலங்கைமான்காரர்கிட்ட ஜாக்கிரதையா இருங்க, ரேட்டப் பேசி வெச்சுக்கிட்டு வர்ற ஆளு" என்றேன். இரும்புக்கடை என்றால் கம்பி வாங்குகிற இடம் மட்டுமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நின்று, யாரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்று கேட்பார்கள்.

வேலை முடிந்தது. உத்தரங்களுக்குக் காபி நிறத்தில் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். வெளிநாட்டில் சம்பாதிக்கிற குடும்பங்களுக்குப் பழைய மரம் என்றால் ஒரு மோகம். தை மாதத்தில் நான் வீடு பார்க்கமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? விற்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது தை மாதம்தான்.

வாங்கியது ஒரு முஸ்லிம் குடும்பம். மகன் குவைத்தில். வந்து பார்த்துப் பேசி முடித்ததெல்லாம் அவருடைய அம்மா. என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், பேச்சில் என்னைவிடப் பெரியவர். பின்கூடத்தில் அண்ணாந்து பார்த்து, "இது நல்ல மரந்தானே சார்?" என்று கேட்டார்.

"இந்தத் தேக்கு இன்னைக்குக் காசு குடுத்தாலும் கெடைக்காதும்மா."

"காசு குடுத்துட்டுத்தானே கேக்கறேன்" என்றார். இருவரும் சிரித்தோம்.

ஐப்பசி மழையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், நீங்க எனக்கு வித்தது வீடா, சுண்ணாம்புக் காளவாயா?"

"என்னம்மா ஆச்சு?"

"மேலேர்ந்து தூளா கொட்டுது. பெரசவத்துக்கு வந்திருக்கற எம் மக பின்கூடத்துலதான் தூளி கட்டியிருக்கா. புள்ள மூஞ்சி வெள்ளையா இருக்கு, பவுடர இப்படி அப்புவியாடின்னு அவளத் திட்டிட்டேன். இப்பல்ல தெரியுது, அது பவுடர் இல்ல."

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விலையில் ஏதோ திருப்பிக் கேட்க வழி தேடுகிறார் என்று தோன்றியது. குழந்தையைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசித்தேன். போகும் வழியெல்லாம், மழைக்கு எந்த வீட்டில்தான் தூள் கொட்டாது என்று சொல்லப் பதில் தயார் செய்துகொண்டு போனேன்.

வாசலில் அந்தப் புல்லட் நின்றது.

பின்கூடத்தில் தூளி இல்லை. உத்தரத்துக்குக் கீழே சவுக்கு மரங்களை வரிசையாக முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் வலங்கைமான்காரர். அந்த அம்மாவின் உறவுக்காரர்கள் வலங்கைமானில் இருக்கிறார்கள், அவர்கள் வழியாக வந்திருக்கிறார். மழை ஓயட்டும் என்று காத்திருக்காமல் முட்டுகளைத் தானே ஒரு லோடு வண்டியில் ஏற்றி வந்து நிறுத்தியிருக்கிறார்.

"வாங்க சார்" என்றார். கூலிங் கிளாஸ் தலையில் இருந்தது. ஏணியில் ஏறி உத்தரம் கிழக்குச் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். ஊறின பிண்ணாக்கில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது. காபி நிறப் பெயிண்டில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தெரிந்தது.

"மாடித் தண்ணி எறங்கற குழாய் இதுக்கு நேர் மேல வருது சார். பல வருஷமா கசிஞ்சு செவுத்துக்குள்ள போயிருக்கு. வெளியில பாத்தா ராஜா மாதிரி இருக்கும், செவுத்துக்குள்ள ஒண்ணும் இருக்காது."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லா காப்பாத்தினான். ஆடி ஆடித் தூங்குச்சு சார் புள்ள, இதுல கட்டின தூளியில."

வலங்கைமான்காரர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று, அந்த அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "நான் எஸ்டிமேட்டுல எழுதியிருந்தேனே சார். நீங்க பாக்கலையா?"

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு அங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. "கவனிக்கல" என்றேன். திருடர் என்று நினைத்ததைவிடக் கவனக்குறைவு என்பது கேட்க நன்றாக இருந்தது.

உத்தரத்தை எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போடும் செலவை நான் ஏற்றேன். அவரே செய்தார். அதோடு கழிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் தரகர் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே, "சார், உங்களுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணுமாமே?" என்றார்.

"யார் சொன்னது?"

"வலங்கைமான்காரர்தான் சொல்லிட்டுத் திரியறாரு. பாபநாசத்துல நாலு பேரு உங்களத் திட்டிட்டு இருந்தாங்க, பச்சப் புள்ள இருக்கற வீட்டுக்கு உளுத்த உத்தரத்த வெச்சு வித்துட்டான்னு. இவரு போயி, 'சார் வேணும்னு பண்றவரு இல்லங்க, வயசாச்சு, எழுத்து சரியாத் தெரியல, நான் எழுதினது அவரு கண்ணுல படல'ன்னு சண்டைக்கே போயிட்டாராம்." தரகர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க அவரப் பத்திச் சொன்னத நான் எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்னு எனக்கே தெரியல சார். அய்யம்பேட்டையில ஒரு புது வீடு, அதுலதான் அவருக்குப் போச்சு. ரெண்டு மாடி. கை வரைக்கும் வந்த வேலை."

மறுநாள் காலையில் வலங்கைமானுக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே வயலை ஒட்டி ஒரு மதில் சுவர் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது சின்ன வேலை. பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திப் பேசவேண்டியிருந்தது. கத்திச் சொல்லக்கூடிய விஷயமா அது? மிஷின் அடுத்த வரப்புக்குத் திரும்புகிறவரை காத்திருந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மூன்று பேரிடம் மூன்று பொய், உத்தரம் என்ற வரியைப் பார்த்ததும் நான் நினைத்தது, டீக்கடை, போனை எடுக்காதது, இரும்புக்கடை.

நான் முடித்ததும் அவர் கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"திருக்காட்டுப்பள்ளிக்காரன் எம் பொண்டாட்டிக்கு அண்ணன் முறை சார். டீ குடிக்கத்தான் செய்வோம். அதுக்காக ரேட்ட சொல்லிக்குவோமா? தொழில்ல அவன் எனக்கு அப்பன் பேரக்கூட சரியாச் சொல்லமாட்டான்."

"தெரியாமப் பண்ணிட்டேன்" என்றேன்.

"தெரியாமயா? ஆளுக்கு ஒண்ணா யோசிச்சு யோசிச்சுல்ல சொல்லியிருக்கீங்க." பிறகு திடீரென்று, "அப்ப கெணறு?" என்றார்.

"கிணறு இல்ல. உங்ககிட்டச் சொன்ன பொய் அது."

"அந்தக் கெணத்த நம்பித்தான் சார், கொல்லையில அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டி சுத்திலும் கான்கிரீட் பெல்ட் ஓட்டணும்னு கணக்குப் போட்டேன். தூர்த்த கெணத்து மேல சும்மா கட்டுவாங்களா? அதான் எனக்கு ரேட்டு ஏறிச்சு. தனியாக் காட்டினா பயந்துடுவீங்கன்னு அஸ்திவாரத்தோட சேத்து எழுதினேன்." அவர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "பேரம் பேசுவீங்கன்னு மேல கொஞ்சம் வெச்சேன், அத ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் உங்க பொய்யோட வெல சார்."

மூன்று கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை தடவை ஒப்பிட்டிருப்பேன். ஒப்பிட அங்கே ஒன்றுமே இல்லை. மூன்று பேருக்கும் நான் மூன்று வேறு வீடுகளைக் காட்டி விலை கேட்டிருக்கிறேன். கொட்டேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான், இதையும் அந்த மதிலோரம்தான் தெரிந்துகொண்டேன். கேட்கிற மூன்று பேருக்கும் ஒரே வீட்டைக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஓட்டையை எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒருவர் நீங்கள் சொல்லாததை எழுதினால், யார் சொன்னது என்று யோசிப்பதற்கு முன்னால் ஏணியைப் போட்டு ஏறிப் பாருங்கள்.

நான் கிளம்பத் திரும்பியபோது அவர் கூப்பிட்டார்.

"சார், கெணறு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே கட்டிவிட்ட பொய்தானே."

"உத்தரமும் நீங்க கட்டிவிட்ட பொய்தான்."

கிணறு என்று நான் சொன்ன இடத்தில்தான் கும்பகோணத்துக்காரர் குளியலறை கட்டியிருக்கிறார். பெல்ட் கிடையாது, சாதாரண அஸ்திவாரம். அந்த அம்மாவும் மகளும் குழந்தையும் தினமும் அங்கேதான் குளிக்கிறார்கள். அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"அம்மா, கொல்லைப்பக்கம் குளியலறைத் தரை எங்கயாச்சும் எறங்கின மாதிரி இருக்கா?"

மெதுவாகக் கேட்டார்: "ஏன் சார் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க? இன்னும் என்னென்ன தெரிஞ்சு வெச்சிக்கிட்டு எனக்கு வித்தீங்க?"

கிணறு இல்லை, அது நான் சொன்ன பொய் என்றேன். இல்லாத கிணற்றைப் பற்றி யாராவது பொய் சொல்வார்களா என்று கேட்டார். தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

என் செலவில் தோண்டினோம். வலங்கைமான்காரர் வந்து நின்றார். கூலி என்று எதுவும் வாங்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. தரையின் நடுவில் டைல்ஸைப் பெயர்த்துக் கடப்பாரை போட்டார்கள். களிமண். இன்னும் கீழே போனார்கள். வண்டல் மணல், மறுபடியும் களிமண். கலைந்த மண் இல்லை, செங்கல் துண்டு இல்லை, கிணற்று உறையும் இல்லை. இறங்கி நின்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வலங்கைமான்காரர் அந்த அம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணும் இல்லம்மா. கன்னி மண்ணு. பயப்படாமக் குளிங்க." அவரே மண்ணை நிரப்பி, கெட்டித்து, டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது என்னிடம், "இனிமே உங்க வீட்டுக்கு வெல சொல்ல என்னக் கூப்பிடாதீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே நடந்தும்கொண்டார்.

இரும்புக்கடைக்குப் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். தரகரையும் எல்லாரிடமும் சொல்லச் சொன்னேன். "அப்படிங்களா? பாவம்" என்றார் கடைக்காரர். ஆனாலும் வலங்கைமான்காரர் கம்பி எடுக்க வந்தால் கடைக்காரர் முன்பணம் கேட்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒளிக்காமல் இதையும் சொல்லவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் என் மனதின் ஒரு மூலை, அந்த டீக்கடையில் அவர்கள் இருவரும் எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மூலையை வெளியே தள்ள இந்த வயதில் என்னால் முடியவில்லை. உங்களுக்கு இப்போதுதான் முளைக்கிறது.

போன மாதம் அந்தக் குழந்தையின் பிறந்தநாளுக்கு அந்த அம்மா கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டது பெருந்தன்மை. பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. யாரோ அப்போதுதான் குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரை ஒட்டினாற்போல் ஈரக் கால்தடங்கள் வரிசையாகச் சுற்றி வந்து வாசலில் முடிந்தன. நடுவில், தோண்டிப் பார்த்து மூடிய அந்த இடத்தில், டைல்ஸ் காய்ந்து கிடந்தது.